அப்பச்சியும் அம்மாயியும் பை காக்காத இரண்டு நாட்கள்

சென்ற ஆண்டு மே மாதத்தில், காலையில் போய் மாலையில் திரும்பிவிடும் திட்டத்தோடு, நாங்கள் குடும்பமாக ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவுக்குச் சென்று வந்தோம். திரும்பும் வழியில் வடக்கஞ்சேரியைக் கடந்தபோது, உறங்கிவிட்ட பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா மெல்லிய குரலில் கேட்டார்: “அலை அடிக்கற கொளம்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கம் கண்ணு இருந்துச்சு?” எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவும் அப்பாவும், அதாவது என் பிள்ளைகளின் அம்மாயியும் அப்பச்சியும், அன்று பதினோரு மணி முதல் ஐந்து மணி வரை, லாக்கர் அறைக்கு எதிரே இருந்த சிமென்ட் திண்ணையில், நான்கு பைகளுக்கும் குழந்தைகளின் ஈரத்துணிகளுக்கும் காவலாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் முழு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தோம். ஆனால் அந்தத் திண்ணையிலிருந்து பார்த்தால் சோளப்பொரிக் கடையும் கழிப்பறைக்குப் போகும் வரிசையும் மட்டுமே தெரியும்.

அந்தக் கேள்வி ஏழெட்டு மாதம் என்னை விடவில்லை. அதனால் இந்த ஆண்டு தை மாதத்தில், சாலக்குடிப் பக்கம் இருக்கும் அதே போன்ற இன்னொரு பூங்காவுக்கு, அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியில் இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு செய்தேன். அப்பாவுக்கு வயது 71, சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர், வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. அம்மாவுக்கு 66. மகனுக்கு மூன்றரை வயது. மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். இந்த நான்கு உடம்புகளுக்கும் ஒத்துவரும் நாளாக அந்த நாள் அமைய வேண்டும், பை காக்கும் வேலை ஒருவருக்கும் இருக்கக்கூடாது என்பது மட்டுமே என் நிபந்தனையாக இருந்தது.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தமிழ், மலையாளம் இரண்டும் பேசும் ஊர். பொங்கலன்று எங்கள் மாவட்டத்துக்கு விடுமுறை உண்டு என்றாலும், மாட்டுப் பொங்கலை விட்டுவிட்டு அப்பா எங்கும் வரமாட்டார். மேலும் மகரவிளக்கு வரைக்கும் நெடுஞ்சாலை முழுவதும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளாக இருக்கும். ஆகவே அதெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். சனி ஞாயிறுகளில் இத்தகைய பூங்காக்களில் பெரியவர்களால் நிற்கவும் முடியாது என்பதை முந்தைய பயணமே கற்றுக்கொடுத்திருந்தது.

முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து நான் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனெனில் இணையத்தில் உள்ள படங்களில் நீச்சல் குளமும் படுக்கை விரிப்பும் தெரியுமே தவிர இவை தெரிவதில்லை. அறையிலிருந்து பூங்கா வாயிலுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், இடையில் படிகள் உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, அறையில் ஃப்ரிட்ஜ் உண்டா, தரையில் போட மெத்தை தருவார்களா என்று கேட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பூங்காவிலிருந்து மதியம் அறைக்குத் திரும்பிவிட்டு அதே சீட்டில் மாலையில் மறுபடி உள்ளே போகலாமா என்று கேட்டேன். பல பூங்காக்களில் ஒரு முறை வெளியே வந்தால் அன்றைய சீட்டு முடிந்துவிடும். விடுதியில் தங்குபவர்களுக்குக் கையில் கட்டும் பட்டையைக் காட்டிப் போய்வர அனுமதி உண்டு என்று அவர்கள் சொன்ன பிறகே பணம் கட்டினேன். சற்றுத் தள்ளி, பாதி வாடகையில் நல்ல விடுதிகள் இருந்தன. என் கணவர் அவற்றையும் காட்டினார். ஆனால் மதியம் ஒரு மணிக்கு ஈரத்தோடு அழும் குழந்தையையும் முழங்கால் வலியோடு நிற்கும் அப்பாவையும் காரில் ஏற்றிப் போய்த் திரும்புவது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் அந்த மதிய நேரத்துக்காகக் கொடுத்தது.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குதிரான் மலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்ற காலம் போய், 2021-இல் திறந்த சுரங்கப்பாதை வழியாக ஓரிரு நிமிடங்களில் மறுபக்கம் வந்துவிடுகிறோம். மகன் அந்தச் சுரங்கத்தின் விளக்குகளைப் பார்த்து, பூங்கா வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டான்.

விடுதிக்குள் நுழைந்ததும் முதல் ஏமாற்றம் காத்திருந்தது. லிஃப்ட் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். உண்டுதான், ஆனால் வரவேற்பறையிலிருந்து லிஃப்டை அடைய ஏழு படிகள் ஏற வேண்டியிருந்தது, அதற்குக் கைப்பிடியும் இல்லை. வயதான மனிதர்கள் தங்குவார்கள் என்ற நினைப்பே இல்லாமல் ஒரு கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட வரவேற்புப் பணியாளர், தரைத்தளத்தில் பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்த மாதிரி ஓர் அறை இருப்பதாகவும், பூங்கா தெரியாது என்பதால் எல்லோரும் அதை வேண்டாம் என்பார்கள் என்றும் சொன்னார். அந்த அறையையே அம்மா அப்பாவுக்கு எடுத்தோம். எங்களுக்கு அதற்கு அடுத்த அறை. யாரும் விரும்பாத அந்த அறை இரண்டு நாளும் எங்களுக்கு எப்படி உதவியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அறைக்குள் போனதும் நான் செய்த முதல் வேலை, தரையில் உட்கார்ந்து குழந்தையின் உயரத்திலிருந்து சுற்றிலும் பார்த்தது. மேசை விளிம்பில் தொங்கிய கெட்டிலின் வயர், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே குழந்தை விழுந்து சிக்கிக்கொள்ளும் அளவு இடைவெளி, எளிதில் திறந்துகொள்ளும் குளியலறைக் கதவு ஆகிய மூன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டன. கெட்டிலை அலமாரி மேல் ஏற்றினோம், கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம், குழந்தைகளுக்குத் தரையில் மெத்தை போட்டோம். குளியலறைத் தரை வழவழப்பான கல். கம்பி ஒன்றும் கிடையாது. ஆகவே உணவகத்திலிருந்து கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டு, ஷவருக்குப் பதிலாக பக்கெட்டும் மக்கும் கேட்டு வாங்கினோம். அப்பா உட்கார்ந்தபடி குளித்தார். குழந்தைகளையும் அதே நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினோம்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய விடுதிகளில் கதவருகே அட்டையைச் செருகினால்தான் அறைக்கு மின்சாரம். அட்டையை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனால் ஃப்ரிட்ஜும் நின்றுவிடும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். உறைந்து போனாலும் அதைப் பயன்படுத்தக்கூடாது. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் நான்கு வாரம் வரை வெளியிலேயே வைத்திருக்கலாம் என்று எங்கள் மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே கூடுதல் மருந்தை உணவக ஃப்ரிட்ஜில், பெயர் எழுதிய டப்பாவில் கொடுத்துவைத்தோம்.

மறுநாள் அதிகாலை நடந்தது நான் திட்டமிடாதது. அப்பா வீட்டில் நாலரை மணிக்கு எழுந்து தோப்புக்குப் போகிறவர். பூங்கா திறப்பதோ பதினோரு மணிக்கு. இந்த ஆறரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே, ஐந்தே முக்காலுக்குக் குழந்தையின் சிணுங்கலில் எழுந்து பின்கதவைத் திறந்தால், அவர் தோட்டத்தில் ஒரு தோட்டக்காரரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பின்பக்க அறை ஒரு பழைய தென்னந்தோப்பின் விளிம்பில் இருந்தது. தென்னைக்கு அடியில் ஜாதிக்காய் மரங்கள் வரிசையாக நின்றன. எங்கள் பக்கம் தென்னைக்கு அடியில் ஒரு வாழையைக் காப்பாற்றுவதற்கே லாரித் தண்ணீர் வாங்கியவர் அப்பா. இங்கே ஜாதிக்காய் வெடித்து, சிவந்த பத்திரி தெரியக் கீழே கிடந்ததைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் அவரை ‘அப்பச்சா’ என்று மலையாளத்தில் அழைக்க, எங்கள் பிள்ளைகள் ‘அப்பச்சி’ என்று கூப்பிடுவதைப் போலவே இருக்கிறதே என்று மகன் ஓடிப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

பிறகு காலை உணவின்போது அப்பா ஒரு செய்தி சொன்னார். இத்தனை வருடம் அவரோடு இருந்தும் நான் கேட்டிராதது. பரம்பிக்குளமும் சோலையாறும் சாலக்குடி ஆற்றின் துணையாறுகள். அவற்றின் தண்ணீரை மலைக்குள்ளேயே திருப்பித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். அதுதான் மூலத்தறையிலிருந்து வாய்க்காலில் பிரிந்து எங்கள் சித்தூர் வட்டத்து நிலங்களுக்கு வருகிறது. “இந்த ஆத்துத் தண்ணியில கொஞ்சம்தான் சாமி, சுத்திச் சுத்தி நம்ம தோப்புக்கு வருது” என்றார். மகன் புட்டையும் கடலையையும் விட்டுவிட்டு, பூங்காவின் தண்ணீர் நம் தோப்புக்கு வருமா என்று கேட்டான். அப்பா ஒரு காகிதத்தில் மலையையும் ஆற்றையும் வரைந்து விளக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் பயணமாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் நாங்கள் டோல் வரிசையில் நின்றுகொண்டு, குழந்தைக்கு பிஸ்கட் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இனி அம்மாவின் உடை. நீர்விளையாட்டுப் பூங்காக்களின் குளங்களில் நைலான் போன்ற துணிகளுக்கு மட்டுமே அனுமதி; பருத்தித் துணியின் இழைகள் உதிர்ந்து வடிகட்டிகளை அடைத்துவிடும் என்பதும், நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும் என்பதும் அதற்கான காரணங்கள். நியாயமான விதிதான். ஆனால் வாழ்நாள் முழுதும் சேலை கட்டிய ஒரு பெண்மணிக்கு, பொது உடைமாற்று அறையில் பத்துப் பேர் நடுவே இறுக்கமான கால்சட்டைக்கு மாறச் சொல்வது, குளத்துக்கு வராதே என்று சொல்வதற்குச் சமம். முந்தைய முறை அம்மா திண்ணையில் உட்கார்ந்ததற்குப் பைகள் பாதிக் காரணம். உடை மீதிக் காரணம். அதை நான் அப்போது கேட்டிருக்கவே இல்லை. இம்முறை கோயம்புத்தூரில் தேடி, கணுக்கால் வரைக்கும், முழுக்கை வைத்து, முழங்கால் வரை தளர்வாகத் தொங்கும் மேலாடையோடு ஒரு நைலான் உடை வாங்கி, ஒன்றும் சொல்லாமல் அவர் பெட்டியில் வைத்திருந்தேன். “இதெல்லாம் எனக்கெதுக்கு கண்ணு” என்று இரண்டு முறை மடித்து வைத்தார். மூன்றாம் முறை, தன் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, தானே போட்டுப் பார்த்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். அறையிலிருந்து வாயில் வரை நூறு அடி தூரம்தான். வழியில் பார்க்க யாரும் இல்லை.

அப்பாவைக் குளத்தில் இறங்கச் சொல்ல முடியவில்லை. அவருக்கு விருப்பமும் இல்லை. ஆனால் நீண்டகால சர்க்கரை நோயால் அவருடைய பாதங்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. வெயிலில் காய்ந்த கான்கிரீட் தரையில் வெறுங்காலோடு நடந்தால் கொப்பளித்தது மறுநாள்தான் தெரியவரும். குளத்தோரம் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள் என்பதால், நீரில் அணியும் மூடிய ரப்பர் காலணியை அவருக்கு வாங்கிக் கொண்டுபோனோம். அதைக் காட்டியதும் காவலர் தடுக்கவில்லை.

குழந்தைகளை நான் இருபது நிமிடங்களுக்கு மேல் தண்ணீரில் விடவில்லை. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டை இழுத்துக்கொள்ளும். சிறு உடம்பு அதைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மகளின் உதடு நீலம் பூக்கத் தொடங்கியதும் வெளியே எடுத்து, தலையை முதலில் துவட்டி, வெயிலில் உட்காரவைத்தேன். சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊறிக் கல்லாகக் கனக்கும் என்பதால் நீச்சல் டயப்பர் வைத்திருந்தோம். அது சிறுநீரைத் தாங்காது, ஆகவே குளத்தருகே போன பிறகே மாட்டினோம். இன்னொரு விதியும் எங்களுக்குள் வகுத்துக்கொண்டோம்: தண்ணீருக்கு அருகில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், இரண்டு பிள்ளைகளையும் அம்மாவிடமோ அப்பாவிடமோ விட்டுவிட்டு நாங்கள் போவதில்லை. நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளிடமே மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழங்கால் ஆழத்தில், ஒரு சத்தமும் இல்லாமல் அது நடந்துவிடும். அந்தப் பொறுப்பை முழங்கால் வலியுள்ள ஒரு முதியவரின் தலையில் வைப்பது அவருக்கும் செய்யும் அநீதி.

பன்னிரண்டரைக்கு அலைக்குளத்தில் அலை விடும் நேரம். அலை வருவதற்கு முன் சங்கு ஒலித்தார்கள். மகள் பயந்து வீறிட்டாள். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு அப்பச்சியிடம் போய்விட்டார். நானும் மகனும் அம்மாவும் குளத்தின் ஆழமில்லாத ஓரத்தில், தரை சரிவாக மேலேறும் இடத்தில் உட்கார்ந்தோம். முதல் அலை அம்மாவின் கால்களை நனைத்தது. இரண்டாவது இடுப்பு வரை வந்து, அவரை ஓர் அடி பின்னுக்குத் தள்ளியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். என் திருமணத்துக்குப் பின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. பத்து நிமிடம் கழித்து அலை நின்றபோது, “மறுபடி எப்ப விடுவாங்க?” என்று கேட்டார்.

ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். குளித்து, சோறு உண்டு, ஒன்றே முக்காலுக்கு இரண்டு குழந்தைகளும் அப்பாவும் உறங்கிவிட்டார்கள். பின்பக்க அறை என்பதால் பூங்காவின் ஒலிபெருக்கிச் சத்தம் அங்கே கேட்கவில்லை. தென்னை ஓலையின் சலசலப்பு மட்டும் கேட்டது. அம்மா காவலுக்கு இருப்பதாகச் சொன்னார். நான் ஒப்பவில்லை. முதல் ஒரு மணி நேரம் நான் இருந்தேன், அம்மாவும் என் கணவரும் ராட்டினத்துக்குப் போனார்கள். அடுத்த ஒரு மணி நேரம் என் கணவர் இருந்தார், நான் போனேன். நாலு மணிக்கு அனைவரும் தூங்கி எழுந்த முகத்தோடு மறுபடி உள்ளே போனபோது, அன்று காலை வந்தவர்களில் பாதிப் பேர் களைத்துப்போய் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். பொம்மை ரயிலில் வரிசையே இல்லை. அப்பாவும் மகனும் நான்கு முறை சுற்றி வந்தார்கள்.

அன்றிரவு நடந்ததை மட்டும் இன்றும் பதற்றத்தோடுதான் நினைக்கிறேன். இரவு உணவு ஏழரைக்கு என்று எழுதி வைத்திருந்ததை நம்பி, அப்பா வழக்கம்போல அரை மணி முன்பே, ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுக்கொண்டார். உணவகம் திறக்க எட்டு மணியைத் தாண்டிவிட்டது. ஏழே முக்காலுக்கு அவருக்கு வியர்த்துக் கை நடுங்க ஆரம்பித்தது. கருவியில் பார்த்தால் 62 காட்டியது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, எண் ஏறிய பிறகே மூச்சுவிட்டோம். நேரத்தை எழுதி வைப்பவர்கள் அந்த நேரத்துக்குச் சோறு போட வேண்டும். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மறுநாள் முதல், தட்டில் சோறு வரும் நேரத்தைச் சமையலறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஊசியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். கைப்பையில் கடலை மிட்டாயும் குளுக்கோஸும் எப்போதும் இருந்தன. குழந்தைகளுக்கு ஏழு மணிக்கே, வீட்டிலிருந்து கொண்டுபோன கேழ்வரகு மாவில் கெட்டில் வெந்நீரை ஊற்றிக் கரைத்துக் கொடுத்திருந்தேன். அவர்கள் அந்த வேளையில் நல்ல உறக்கத்தில் இருந்தது பெரிய ஆறுதல்.

இரண்டாம் நாள் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் பத்துப் பன்னிரண்டு வந்து நின்றன. அந்தக் கூட்டத்தில் இறங்க வேண்டாம் என்று மூன்று மணி வரை தோட்டத்திலேயே இருந்தோம். அதிரப்பள்ளி அருவிக்குப் போகலாமா என்ற பேச்சு எழுந்தது. அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் சரிவான பாதை அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது என்பதால் விட்டுவிட்டோம். மகன் ஜாதிக்காய்களைப் பொறுக்கித் தோட்டக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். பேருந்துகள் கிளம்பிய பிறகு அம்மா தானாகவே போய் அந்த நைலான் உடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து ஒரு நாள் மாலை, தண்ணீர் லாரி வந்திருந்தது. குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தது சன்னல் வழியே எனக்குக் கேட்டது. “வாசல்ல நுழைஞ்சதும் எடது கைப்பக்கம் கொளம். அலை விடறதுக்கு முன்னாடி சங்கு ஊதுவாங்க. அப்ப எந்திரிச்சு ஓடக் கூடாது, ஓரத்துல அப்படியே உக்காந்துக்கோணும்.”